எண்ணெய்க் குழாய் வெடிப்பும் அருகில் வாழும் மக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய்க் குழாய் வெடித்தால் முதல் நாள் தீயின் படம் வரும், மறுநாள் இறந்தவர்களின் எண்ணிக்கை வரும், அப்புறம் செய்தி நின்றுவிடும். குழாய்க்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ அது பல நாள் முன்பே ஒரு வாடையாகத் தொடங்கியிருக்கும். தீ அணைந்த பிறகும் கிணற்றிலும் வயலிலும் குடும்பத்திலும் வருடக்கணக்காக நீடிக்கும். அந்த முன்னும் பின்னும்தான் இந்தப் பக்கத்தின் அக்கறை. வெவ்வேறு நாடுகளில் நடந்தவற்றை உதாரணமாக எடுத்துக்கொண்டு, மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் எப்படி வெடிக்கிறது?

உள்ளே இருக்கும்வரை வெடிக்காது. அங்கே காற்று கிடையாது, காற்றில்லாமல் எண்ணெய் எரியாது. குழாயில் ஓட்டை விழுந்து எண்ணெய் வெளியே வந்து, அதிலிருந்து கிளம்பும் ஆவி காற்றோடு கலக்கும்போதுதான் ஆபத்து ஆரம்பம். பெட்ரோல் என்றால் காற்றில் சுமார் 1.4 சதவீதம் ஆவி சேர்ந்தாலே போதும், ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூட அது பற்றக்கூடிய ஆவியை விடும் என்பதால், எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் சிந்திய பெட்ரோல் ஆபத்தானதுதான். டீசலும் கச்சா எண்ணெயும் அவ்வளவு வேகமாக ஆவியாவதில்லை. ஆனால் பல கச்சா எண்ணெய்களில் லேசான வாயுக்கள் கலந்திருக்கும், அவை முதலில் பிரிந்து பற்றும்.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையை ஒட்டி ஊர்ந்து, பள்ளம், ஓடை, மழைநீர் வடிகால், சாக்கடை என்று தாழ்வான இடங்களில் தேங்கி நிற்கும். திறந்தவெளியில் பற்றினால் பெருந்தீயாகப் பாயும். மூடிய சாக்கடைக்குள் பற்றினால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் தெருவையே பிளந்துவிடும். ஓட்டை விழுந்த இடத்திலிருந்து வெகுதூரத்தில் இருப்பவர்களும் இறப்பது இதனால்தான்.

ஓட்டை விழுவதற்குக் காரணங்கள் பல: துரு, மண் தோண்டும் இயந்திரம் பட்ட அடி, வெல்டிங் குறை, அழுத்தத்தைத் தவறாகக் கையாள்வது, மண்சரிவு, திருடுவதற்காகப் போட்ட துளை.

கசிவுக்கும் வெடிப்புக்கும் நடுவில் அவகாசம் இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

மெக்சிகோவின் குவாடலஹாரா நகரத்தில் 1992 ஏப்ரல் 22 அன்று சாக்கடைகள் வரிசையாக வெடித்து, சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்குத் தெருக்கள் பிளந்தன. 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெட்ரோல் குழாயின் மேல் துத்தநாகம் பூசிய ஒரு தண்ணீர்க் குழாய் உரசிக்கொண்டு கிடந்திருக்கிறது. இரண்டு உலோகங்களுக்கு இடையே ஏற்பட்ட அரிப்பில் ஓட்டை விழுந்து, பெட்ரோல் மண் வழியாகச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. அந்தப் பகுதி மக்கள் சில நாள் முன்பிருந்தே பெட்ரோல் வாடை வருகிறது என்று புகார் சொன்னார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், ஆபத்தான அளவில் ஆவி இருப்பதும் தெரிந்தது. ஆனால் மக்களை வெளியேற்றும்படி யாரும் உத்தரவிடவில்லை.

சீனாவின் சிங்டாவ் நகரத்தில் 2013 நவம்பர் 22 அதிகாலையில் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து, எண்ணெய் மழைநீர் வடிகாலுக்குள் போனது. வெடித்தது காலை பத்தரை மணிக்குப் பக்கத்தில். அதாவது ஏழெட்டு மணி நேரம் கையில் இருந்தது. அந்த நேரத்தில் பழுதுபார்க்க வந்தவர்கள் தீப்பொறி தெறிக்கக்கூடிய இயந்திரத்தால் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் இருந்த மக்களை யாரும் எழுப்பி வெளியேற்றவில்லை. 62 பேர் இறந்தார்கள்.

அமெரிக்காவின் பெல்லிங்ஹாமில் 1999 ஜூன் 10 அன்று பெட்ரோல் குழாய் வெடித்துத் திறந்துகொண்டது. கட்டுப்பாட்டு அறையில் கணினிக் கோளாறு. என்ன நடந்தது என்று புரியாமல், நின்றுபோன ஓட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டார்கள். சுமார் 9 லட்சம் லிட்டர் பெட்ரோல் ஒரு நீரோடையில் கொட்டியது. ஓடைக்கரையில் விளையாடிக்கொண்டிருந்த 10 வயதுச் சிறுவர்கள் இருவரும், மீன்பிடிக்க வந்த 18 வயது இளைஞர் ஒருவரும் இறந்தார்கள். அந்த இளைஞர் தீயில் இறக்கவில்லை. ஆவியில் மயங்கித் தண்ணீரில் விழுந்து மூழ்கிப்போனார்.

மூன்று ஊர், மூன்று விதமான குழாய். மூன்றிலும் குழாய் முதலில் உடைந்தது, ஆபத்து பிறகுதான் மக்களை வந்தடைந்தது. நடுவில் இருந்த நேரம் வீணானது. எண்ணெய்க் குழாய் விபத்து என்றாலே தடுக்க முடியாத ஒன்று என்று பேசுபவர்கள் இந்த நேரக்கணக்கை மட்டும் பார்த்தால் போதும்.

சென்சார், கணினி எல்லாம் இருக்கிறதே, கசிவை உடனே காட்டிவிடாதா?

பெரிய உடைப்பைக் காட்டும். சிறு கசிவைக் காட்டுவது கடினம். குழாயில் எவ்வளவு ஏற்றினோம், மறுமுனையில் எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிடும் அமைப்புகள், மொத்த ஓட்டத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தைப் பல நேரம் பிடிப்பதில்லை. நாளுக்கு 1 லட்சம் பீப்பாய் ஓடும் குழாயில் 1 சதவீதம் என்பது 1,000 பீப்பாய், அதாவது 1,59,000 லிட்டர். கணினித் திரையில் சின்ன அலைவாகத் தெரியும் இந்த அளவு ஒரு கிராமத்தின் நிலத்தடி நீரைக் கெடுக்கப் போதுமானது.

கருவி காட்டினாலும் அதை நம்பி நிறுத்த ஆள் வேண்டும். 2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகனில் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தபோது எச்சரிக்கை மணி பலமுறை அடித்தும், குழாயை மூட 17 மணி நேரம் ஆனது. அதிர்ஷ்டவசமாக அது பற்றவில்லை. கண்ணால் பார்த்தவர்களும் மூக்கால் உணர்ந்தவர்களும் கொடுக்கும் தகவல்தான் இன்றும் மிக முக்கியமான எச்சரிக்கை. அந்தத் தகவலை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

வாடை வந்தால் என்ன செய்வது?

கிளம்புங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, முடிந்தால் மேட்டை நோக்கி, நடந்தே போங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். விளக்கு, ஃபேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தொலைவுக்குப் போன பிறகே போனை எடுத்துத் தீயணைப்புத் துறைக்கும், குழாய்க் குறியீட்டுக் கம்பத்தில் எழுதியிருக்கும் அவசர எண்ணுக்கும் சொல்லுங்கள். பக்கத்தில் வால்வு தெரிந்தாலும் தொடாதீர்கள். தவறாக மூடினால் அழுத்தம் ஏறி வேறு இடத்தில் உடையலாம்.

எவ்வளவு தூரம்? வட அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் பயன்படுத்தும் அவசரகாலக் கையேடு, பெரிய பெட்ரோல் கசிவுக்குக் காற்று போகும் திசையில் முதற்கட்டமாகக் குறைந்தது 300 மீட்டர் வெளியேற்றத்தையும், தீயில் டேங்கர் மாட்டியிருந்தால் எல்லாப் பக்கமும் 800 மீட்டரையும் சொல்கிறது. சாக்கடைக்குள் ஆவி புகுந்திருந்தால் இந்தக் கணக்கும் போதாது.

வாடை திடீரென்று மறைந்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். சில கச்சா எண்ணெய்களில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும்.

ஆபத்து என்று தெரிந்தும் மக்கள் ஏன் கேன்களோடு ஓடுகிறார்கள்?

இந்தக் கேள்வியைப் பலரும் கோபத்தோடு கேட்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நைஜீரியாவின் ஜெஸ்ஸே என்ற ஊரில் 1998 அக்டோபரில் உடைந்த பெட்ரோல் குழாய் பற்றி 1,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகின் மிகப் பெரிய எண்ணெய் உற்பத்தி நாடுகளில் ஒன்று அது. ஆனால் எண்ணெய் வளமுள்ள அந்தப் பகுதி மக்களுக்குப் பெட்ரோல் கிடைப்பதே அரிதாக இருந்தது. காயம்பட்டவர்களில் பலர், திருட்டுக் குற்றத்துக்காகக் கைது செய்துவிடுவார்களோ என்று பயந்து மருத்துவமனையைவிட்டே ஓடியதாக அப்போது செய்திகள் வந்தன. லாகோஸில் 2006 டிசம்பர் 26 அன்று நடந்ததும் இதே கதைதான். இரவில் குழாயைத் துளைத்து டேங்கரில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் போய்விட்டார்கள். விடிந்ததும் கசிந்ததை அள்ள வந்த ஏழைகள் நூற்றுக்கணக்கில் எரிந்துபோனார்கள்.

மெக்சிகோவின் ட்லாவெலில்பன் ஊரில் 2019 ஜனவரி 18 அன்று, எரிபொருள் தட்டுப்பாட்டு நாட்களில், வயல் நடுவே பெட்ரோல் பீறிட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் கூடினார்கள். ராணுவ வீரர்கள் சிலர் வந்தும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. சுமார் இரண்டு மணி நேரம் கழித்துப் பற்றியது. 137 பேர் இறந்தார்கள். செயற்கை இழைத் துணிகளில் உண்டாகும் நிலைமின்சாரமே பொறியாக இருந்திருக்கலாம் என்று அரசின் தலைமை வழக்கறிஞர் சொன்னார். யாரும் தீக்குச்சி கிழிக்கத் தேவையில்லை என்பதை இதிலிருந்து எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கென்யாவின் நைரோபி நகரத்தில், சினாய் குடிசைப் பகுதியில் 2011 செப்டம்பர் 12 அன்று நடந்ததில் திருட்டே இல்லை. குழாய் நிறுவனத்தின் பக்கம் கசிந்த எரிபொருள் வடிகால் வழியே குடிசைகளுக்கு நடுவில் ஓடி வந்தது. அங்கேயும் 100 பேர் அளவில் இறந்தார்கள்.

ஒரு கேன் பெட்ரோல் சில நாள் கூலிக்குச் சமமாக இருக்கும் இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை அள்ளிக்கொண்டு வந்து எதுவும் ஆகாத இடத்தில், "ஆபத்து" என்ற சொல்லுக்கு எடை குறைந்துவிடுகிறது. இதைச் சொல்வதால் அள்ளுவது சரி என்று ஆகாது, தயவுசெய்து யாரும் போகாதீர்கள். ஆனால் செத்தவர்களைத் திருடர்கள் என்று அழைத்து விசாரணையை முடித்துவிடுவது அநியாயம். அந்தச் சொல் வந்துவிட்டால் சிகிச்சையும் சுருங்கும், இழப்பீடும் சுருங்கும், குழாயைக் கவனிக்காமல் விட்டது யார் என்ற கேள்வியும் மறைந்துவிடும்.

இறந்தவர் எண்ணிக்கை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

இரண்டு காரணங்கள். கடும் தீக்காயம் பட்டவர்கள் பல வாரம் போராடி இறக்கிறார்கள். ட்லாவெலில்பனில் மறுநாள் 70-ஐ ஒட்டியிருந்த எண்ணிக்கைதான் கடைசியில் 137 ஆனது.

இன்னொரு காரணம் இன்னும் கனமானது. பிரேசிலின் குபதாவ் நகரத்தில் வில்லா சோக்கோ என்ற பகுதி இருந்தது. சதுப்பு நிலத்தின் மேல் மரக்கால் நட்டுக் கட்டிய வீடுகள், அடியில் பெட்ரோல் குழாய். 1984 பிப்ரவரியில் சுமார் 7 லட்சம் லிட்டர் பெட்ரோல் கசிந்து, வீடுகளுக்கு அடியில் தண்ணீரின் மேல் பரவி, நள்ளிரவில் பற்றியது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 93 பேர். 500க்கும் மேல் என்பது இன்னொரு மதிப்பீடு. அதற்குப் பிறகு பள்ளிக்கு வராமலே போன பிள்ளைகளை எண்ணி, உடலைக் கேட்டு வர ஆளே மிஞ்சாத குடும்பங்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. பதிவேட்டில் பெயரில்லாமல் வாழ்ந்தவர்கள் சாவுக் கணக்கிலும் வருவதில்லை.

தீக்காயம் பட்டவருக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்?

எரிபொருளில் நனைந்த துணியை உடனே கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். காயத்தின் மேல் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ், பேஸ்ட், எண்ணெய் எதுவும் வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வெளியே காயம் குறைவாகத் தெரிந்தாலும் குரல் கம்மினாலோ, மூக்கில் கரி படிந்திருந்தாலோ மூச்சுக்குழாய் வெந்திருக்கலாம். அவர்தான் முதலில் போக வேண்டியவர்.

பெரிய விபத்து நடந்தால், தீக்காயச் சிகிச்சைக்கான படுக்கைகள் ஒரே நாளில் தீர்ந்துவிடும். குழாய் போடுவதற்குக் கோடிக்கணக்கில் ஒதுக்கும் திட்டங்கள், அந்தப் பாதையில் ஒரு தீக்காயப் பிரிவுக்கும் சேர்த்து ஒதுக்கினால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

தீயை ஏன் உடனே அணைப்பதில்லை?

இருபுறமும் வால்வை மூடிய பிறகும், இரண்டு வால்வுகளுக்கும் நடுவில் கிடக்கும் எண்ணெய் வெளியே வந்துகொண்டிருக்கும். அது நிற்பதற்குள் தீயை மட்டும் அணைத்தால், எரியாத ஆவி பரவி மறுபடி வேறெங்காவது பற்றும். அதனால் சுற்றியுள்ள வீடுகளைக் காப்பாற்றிக்கொண்டு, எரிந்து தீரட்டும் என்று விடுவது பல நேரம் பாதுகாப்பான முடிவு.

புகை எவ்வளவு கெடுதல்?

அந்தக் கரும்புகையில் நுண்துகள், கார்பன் மோனாக்சைடு, கந்தக டை ஆக்சைடு, புற்றுநோய் உண்டாக்கும் வளையச் சேர்மங்கள் எல்லாம் இருக்கும். ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் முதலில் வெளியேற வேண்டும். துணி முகமூடி இந்த நுண்துகளையும் வாயுவையும் தடுக்காது. என்95 முகமூடி துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. தீ அணைந்த பிறகு கூரையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் கீரைப் பாத்திகளிலும் படிந்த கரியைக் கையுறை போட்டு ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் அதையே மறுபடி சுவாசிப்பீர்கள்.

எல்லாம் எரிந்துபோனதே, மண்ணில் என்ன மிச்சம் இருக்கப்போகிறது?

எரிவது மேலே தேங்கியதுதான். பற்றுவதற்கு முன்பே மண்ணுக்குள் இறங்கியது அப்படியே இருக்கும், சில நேரம் அதுதான் பெரும்பங்கு.

பெட்ரோல் சீக்கிரம் இறங்கி நிலத்தடி நீரைத் தொடும். அதிலுள்ள பென்சீன் போன்ற நச்சு வேதிப்பொருள்கள் தண்ணீரில் கரைந்து, நீரோட்டத்தோடு நகர்ந்து, தீயே பார்க்காத ஊர்க் கிணறுகளுக்கும் போய்ச் சேரும். கச்சா எண்ணெய் அவ்வளவு தூரம் போகாது, தார்போல மண்ணில் பிடித்துக்கொள்ளும். மண்துகள்களைச் சுற்றிப் படிந்து தண்ணீர் இறங்கவிடாது, வேருக்குக் காற்றும் போகாது. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரிகள் பெருகும்போது மண்ணிலுள்ள நைட்ரஜனை அவையே எடுத்துக்கொள்வதால், பயிர் மஞ்சளடித்து நிற்கும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, தீயணைப்பு நுரை. எரிபொருள் தீக்கு நீண்டகாலமாகப் பயன்படுத்திய நுரைகளில் ஃபுளோரின் கலந்த, எளிதில் சிதையாத வேதிப்பொருள்கள் இருந்தன. அவை மண்ணிலும் நீரிலும் பல தலைமுறைக்குத் தங்கும். எந்த நுரை அடித்தார்கள், எங்கே ஓடியது என்று விபத்து நடந்த வாரத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், பென்சீன் சாகாது. அது ஆவியாகி மூடிய சமையலறைக் காற்றில் கலந்து, நீங்கள் குடிப்பதற்குப் பதிலாகச் சுவாசிப்பீர்கள். பாதிக்கப்பட்ட தண்ணீரில் சூடாகக் குளிப்பதும் இதே ஆபத்துதான்.

வாடை இல்லை, நிறம் மாறவில்லை என்பதை நம்பவும் முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மூக்குக்குத் தெரியும் முன்பே அந்த அளவைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாக நிரூபிக்கப்பட்டது. கசிந்த மண்ணில் புதைந்திருக்கும் பிளாஸ்டிக் குடிநீர்க் குழாயின் சுவர் வழியாகவும் அது உள்ளே புகும் என்பதால், கிணறு இல்லாதவர்களும் பரிசோதனை கேட்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் நைஜீரியாவின் ஒகோனி நிலத்தை ஆராய்ந்து 2011-இல் அறிக்கை வெளியிட்டது. நிசிசியோகென் ஒகாலே என்ற ஊரில், நிலத்தடி நீரின் மேல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குச் சுத்திகரித்த எரிபொருள் மிதந்துகொண்டிருந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய கசிவின் மிச்சம் என்று சொல்லப்பட்டது. அந்த ஊர் மக்கள் குடித்த கிணறுகளில் பென்சீன், மேலே சொன்ன அளவைப்போல் 900 மடங்குக்கும் மேல். அங்கே வெடிப்பு எதுவும் தலைப்புச் செய்தியாகவில்லை. மக்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆடு மாடு, மீன்?

கால்நடைகளை அந்த நீர்நிலைகளுக்கும் மேய்ச்சலுக்கும் விடாதீர்கள். எண்ணெய் கலந்த தண்ணீரை மாடு தயங்காமல் குடித்துவிடும். நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவாகும். மிதக்கும் செத்த மீனைத் தின்பதோ விற்பதோ கூடாது.

ஓடைகளில் அழிவு ஒரே நாளில் நடக்கும், மீட்சி மெதுவாக வரும். பெல்லிங்ஹாம் ஓடையில் ஒரு லட்சத்துக்கும் மேல் மீன்கள் செத்தன. கரைமரம் எரிந்தால் நிழல் போய்த் தண்ணீர் சூடாகும், வேர்ப்பிடிப்பு போய்க் கரை சரியும். அலையாத்திக் காடுகளில் நிலைமை இன்னும் மோசம். அந்த மரங்கள் மூச்சுவிடும் வேர்களை எண்ணெய் அடைத்துவிடுவதால், தீ படாத மரங்களும் சில மாதங்களில் பட்டுப்போகும். அங்கே முட்டையிட வரும் மீனும் இறாலும் நண்டும் வராது. கடலோர மீனவக் குடும்பம் தன் வருமானத்தை இழப்பது அந்தக் கணத்தில்தான்.

எத்தனை வருடத்தில் நிலம் பழையபடி ஆகும்?

மேலாகச் சிந்திய பெட்ரோல் என்றால், மண்ணை எடுத்து மாற்றினால் சில மாதங்களில் பயிர் வைக்கலாம். நிலத்தடி நீருக்குப் போயிருந்தால் பல வருடம். ஆற்றில் மூழ்கிய கனமான கச்சா எண்ணெய்க்கும் வருடக்கணக்கு ஆகும். மேலே சொன்ன மிச்சிகன் கசிவில் நூறு கோடி டாலருக்கும் மேல் செலவானது. ஒகோனி நிலம் முழுமையாக மீள 25 முதல் 30 வருடம் ஆகலாம் என்றது ஐ.நா. அறிக்கை.

எரிந்த மண்ணின் மேல் புதுமண் கொட்டிப் பச்சையாக்கிவிட்டு "சீரமைத்துவிட்டோம்" என்று சொல்வதை ஏற்காதீர்கள். வெவ்வேறு ஆழத்தில் எடுத்த மண், வெவ்வேறு பருவத்தில் எடுத்த கிணற்று நீர், இரண்டின் ஆய்வு முடிவும் கையில் வேண்டும்.

பிழைத்தவர்களின் வாழ்க்கை எப்படி மாறுகிறது?

பணமாக எண்ண முடியாததால் அறிக்கைகளில் இது கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது.

ஒரே தெருவில், ஒரே நாளில், சம்பாதிக்கும் வயதினர் பலர் போய்விடுகிறார்கள். மிஞ்சுவது தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும். காயம்பட்டவர் வீடு திரும்பினால் தழும்பு இறுகி விரல் மடங்காது, வெயிலில் நிற்க முடியாது, பழைய வேலைக்குப் போக முடியாது. புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையில் விழுகிறது. அவரும் வேலையை விடுகிறார். மூத்த பிள்ளை படிப்பை நிறுத்துகிறது. முகம் வெந்த பிள்ளைகள் பள்ளியில் படும் கேலி தனி வேதனை.

வீட்டோடு அடையாள ஆவணமும் நிலப்பத்திரமும் எரிந்திருக்கும். உடலை அடையாளம் காண மரபணுச் சோதனைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை இறப்புச் சான்றிதழ் கிடையாது, அது இல்லாமல் எந்த உதவித்தொகையும் கிடையாது. கூட்டாகப் புதைத்த இடங்களில் தன் ஆள் எங்கே கிடக்கிறார் என்று தெரியாமலே பலர் வாழ்கிறார்கள். சிறு சத்தத்துக்கும் பதறி எழும் பிள்ளைகள், எரிவாயு அடுப்பைப் பற்றவைக்க முடியாத பெரியவர்கள், இவர்களுக்கு மனநலச் சிகிச்சை வேண்டும். தீக்காயத்துக்குக் கொடுக்கும் அதே முக்கியத்துவத்தோடு, அதே ஊரில் கிடைக்க வேண்டும்.

அப்புறம், ஊருக்குள் பிளவு வரும். இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் வந்தவர், வராதவர். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டவர், போடாதவர். வெடிப்பில் தப்பிய உறவுகள் இந்தப் பட்டியலில் உடைந்துபோவதுண்டு.

குழாய்ப் பாதையில் வீடு கட்டியது அவர்கள் தப்புதானே?

வில்லா சோக்கோவில் இருந்தவர்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் உழைக்க வந்த ஏழைகள். சினாயும் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்புதான். வேலைக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் தங்க இடம் மட்டும் எந்தத் திட்டத்திலும் இல்லை. வேறு யாருக்கும் வேண்டாத நிலம் என்பதால் குழாயின் மேல் கிடந்த காலி நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. வருடக்கணக்காக அங்கே இருப்பதைப் பார்த்துக்கொண்டே எண்ணெய் ஓட்டியவர்கள், வெடித்த பிறகு ஆக்கிரமிப்பு என்று சொல்வதை ஏற்க முடியாது. மாற்றிடம் கொடுத்து நகர்த்துவது, முடியாவிட்டால் அழுத்தத்தைக் குறைத்துக் கண்காணிப்பைக் கூட்டுவது, இரண்டும் முன்கூட்டியே செய்யக்கூடியவை.

இழப்பீடு கேட்க என்ன ஆதாரம் வேண்டும்?

எவ்வளவு கசிந்தது, எவ்வளவு பரப்பு கெட்டது, என்ன காரணம் என்ற மூன்று வரிகள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. அந்த வரிகளை எழுதுவது யார் என்று பாருங்கள். நைஜீரியாவின் போடோ பகுதியில் 2008-இல் இரண்டு பெரிய கசிவுகள் நடந்தன. ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் கணக்கில் அளவு மிகக் குறைவாகப் பதிவானது. வழக்கு லண்டன் நீதிமன்றம் வரை போன பிறகே, முதலில் சொன்ன அளவு குறைவானது என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2015-இல் 5.5 கோடி பவுண்டு தர உடன்பட்டது. சுமார் 15,600 பேருக்கு அது பிரிந்தது, ஒரு பங்கு ஊருக்கும் போனது.

ஆகவே நிறுவனமும் அரசும் வந்து அளக்கும்போது ஊர்க்காரர்கள் கூட நில்லுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், அறிக்கையின் நகலைக் கையோடு வாங்குங்கள். தேதியோடு போட்டோ, வீடியோ எடுங்கள். மருத்துவமனைச் சீட்டு, செத்த கால்நடையின் படம், அந்தப் பருவத்தில் எதிர்பார்த்த விளைச்சல், மீன் விற்ற கணக்கு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நிலச் சொந்தக்காரருக்கு மட்டும் இழப்பீடு கொடுத்துவிட்டு, குத்தகைக்காரரையும் கூலிக்காரரையும் வாடகைக்கு இருப்பவரையும் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. தனித்தனியாகப் போவதைவிட ஊராகச் சேர்ந்து ஒரே மனுவாகப் போவது அவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குழாய் போகிறது, எதுவும் நடக்கவில்லை. இப்போது என்ன கேட்கலாம்?

இப்போதுதான் கேட்க வேண்டும். குழாயில் ஓடுவது பெட்ரோலா, டீசலா, கச்சா எண்ணெயா? எந்த வருடம் போட்டது? குழாய்க்குள்ளேயே ஓடித் துருவையும் விரிசலையும் பார்க்கும் கருவியை விட்டுக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? இருபுறமும் வால்வு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, தானாக மூடுமா, ஆள் போய்த்தான் மூட வேண்டுமா? நள்ளிரவில் வாடை வந்தால் யார் போனை எடுப்பார்கள், மக்களை வெளியேற்றச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எப்படித் தகவல் போகும்? உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தில் எரிபொருள் தீக்கான நுரையும் பயிற்சியும் இருக்கிறதா?

பெல்லிங்ஹாம் குழாயில், வெடிப்புக்கு ஐந்து வருடம் முன்பு பக்கத்தில் நடந்த கட்டுமானத்தில் தோண்டும் இயந்திரம் பட்ட அடி இருந்தது. அதனால் குழாய்ப் பாதையில் யாராவது குழி தோண்டுவதைப் பார்த்தாலும், காரணமில்லாமல் ஒரு வரிசையில் புல் கருகியிருந்தாலும், ஈரமான பள்ளத்தில் வானவில் நிறம் மிதந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள், பதிவு எண்ணை வாங்குங்கள். பெல்லிங்ஹாமில் இறந்தவர்களின் குடும்பங்களும் ஊர்க்காரர்களும் தொடர்ந்து போராடியதன் பலனாக அமெரிக்காவில் 2002-இல் குழாய்ப் பாதுகாப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. குழாய்ச் சோதனை விதிகளையும், பக்கத்தில் வாழும் மக்களுக்குத் தகவல் சொல்லும் நிறுவனங்களின் பொறுப்பையும் அந்தச் சட்டம் வலுப்படுத்தியது.